பூக்கடைக்கும் விளம்பரம்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மணமே ஆளை அழைத்துவரும் என்பது அதன் கருத்து. வலைப்பதிவுக்கு ‘வலைப்பூ’ என்று அழகிய பெயரிட்டவர்களும் அந்த நம்பிக்கையுடனேதான் இட்டிருப்பர் போலும். ஆயின் இணையம் என்னும் பெருஞ்சந்தையில் மணம் மட்டும் எவரையும் அழைத்துவருவதில்லை என்பதை நாம் அநுபவத்தில் அறிந்தோம். ஆகவே கூவி விற்கக் கற்றுக்கொண்டோம். கூவியதில் ஒரு பிழையும் செய்தோம். அந்தப் பிழையை வாசக நேயர்களிடம் மறையாது சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

மனையியல் ஆசிரியையாகக் கடமையாற்றி 2016ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றோம். வீட்டு அலுமாரியில், பல வருடங்களாக எழுதிச் சேர்த்த கொப்பிகள் அடுக்காகக் கிடந்தன. ஒடியற் கூழ், குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, பாவற்காய்க் குழம்பு என எமது தாயாரிடமும் அயலவரிடமும் கேட்டெழுதிய பாகமுறைகள் அவற்றில் இருந்தன. இவை எம்மோடு அழிந்துபோகலாகாது என்ற எண்ணத்தில் 2017இல் வலைப்பூ ஒன்றைத் தொடங்கினோம். எமது பெறாமகள் வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு அதனை அமைத்துத் தந்தாள். அம்மென்பொருள் 2003இல் பிறந்தது. அதற்கு நான்கு வருடம் முன்னரே, 1999இல், பிளாக்கர் என்னும் சேவை வந்துவிட்டது. ஆகவே கலை புதிதன்று, மாணவிதான் புதியவள். மாணவியின் வயது 61.

முதற் பாடம் எழுத்திலேயே தொடங்கியது. பாடசாலையில் வினாத்தாள்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியிருந்தோம். அதே கையோடு எழுதி வலைப்பூவில் இட்டபோது, தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தோன்றி எம்மை ஏளனஞ் செய்தன. காரணம் பின்னரே விளங்கிற்று. பாமினியில் எழுதுவது ஆங்கில எழுத்துக்கே தமிழ் வேடம் புனைவது போன்றது. வேடம் கலைந்தால் உள்ளிருப்பது வெளிப்படும். 1991இல் வெளிவந்த யூனிகோட் முறையிலோ தமிழ் எழுத்துக்குத் தனக்கெனத் தனி எண்கள் உண்டு. ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. உலகின் எந்தக் கணனியிலும் அந்த எண் அகரத்தையே குறிக்கும். தேடுபொறி எமது தமிழைத் தமிழாகக் காணவேண்டுமாயின் இதுவே வழியென்று கண்டு, விரல்களுக்குப் புதிதாக அரிச்சுவடி படிப்பித்தோம்.

எழுத்துச் சீரானது, வாசகர் வரவில்லை. முதல் ஆறு மாதமும் நாளொன்றுக்கு நால்வர் வந்தனர். அவருள் ஒருவர் நாம்; மற்றவர் பெறாமகள். ஒருநாள் அவள் எமது பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“பெரியம்மா, நீங்கள் எழுதிறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் சனம் என்னத்தைத் தேடுதெண்டு ஒருக்கால் பாருங்கோவன்.”

அவள் காட்டிய கருவி தேடுபொறியை நடத்துவோரே இலவசமாகத் தருவது. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு எமது பக்கம் காட்டப்பட்டது, அவருள் எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பனவற்றை அது கணக்குப்பிள்ளை போல எழுதிவைக்கிறது. தேடுபொறி முதலில் பக்கங்களை ஒவ்வொன்றாகச் சென்று வாசிக்கிறது. பின் எந்தச் சொல் எங்குள்ளதெனப் பெரும் அட்டவணை எழுதுகிறது. எவரேனும் கேட்கும்போது அவ்வட்டவணையைப் புரட்டி வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அட்டவணையில் இல்லாத சொல்லைக் கொண்டு எம்மை அடைவது எளிதன்று.

இங்கேதான் எமக்குக் கண் திறந்தது. நாம் ‘குரக்கன்’ என்கிறோம். தமிழ்நாட்டார் ‘கேழ்வரகு’ என்கின்றனர். எமக்குப் ‘பாவற்காய்’; அவர்களுக்குப் ‘பாகற்காய்’. நாம் ‘கச்சான்’ என்பதை அவர்கள் ‘வேர்க்கடலை’ என்பர். புலம்பெயர்ந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளோ இவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டித் தேடுகின்றனர். ஆகவே எமது சொல்லை முன்னிறுத்தி, அயலார் சொல்லையும் அருகே ஒருமுறை எழுதிவைத்தோம். படங்களுக்குக் கீழ் விவரம் எழுதினோம். ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு இணைப்பு வைத்தோம். நாளொன்றுக்கு நால்வர் என்பது அறுபதாகியது. அதுவரை செய்ததில் பழுதில்லை. விருந்தாளி வழி தவறாதபடி படலையில் விளக்கேற்றுவது போன்றதுதான் அது.

ஆசை அத்துடன் நிற்கவில்லை. 2018இல் கூகிள் தனது விளம்பரச் சேவையைத் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறந்துவிட்டது. விளம்பரத்துக்கு இடங்கொடுத்தால், அதனைப் பார்ப்போரின் தொகைக்கேற்பச் சில சதங்கள் சேரும். நூறு டொலர் நிறைந்தாலே பணம் கைக்கு வரும். இணைய வழிச் சந்தைப்படுத்தல் பற்றிய ஆறு வாரப் பயிற்சியொன்றிற்கும் பணங்கட்டிச் சேர்ந்தோம். தலைப்பில் ஓர் எண் இருக்கவேண்டும். வாக்குறுதி ஒன்று இருக்கவேண்டும். ஆளைத் தயங்கவைக்கும் சொல் எதுவும் முன்னே வரலாகாது. இவை அங்கே கற்ற பாடங்கள்.

‘குரக்கன் பிட்டு அவிக்கும் முறை’ என்று நாம் இட்டிருந்த தலைப்பை அன்றிரவே அழித்து, ‘நீரிழிவை 30 நாளில் விரட்டும் குரக்கன் பிட்டு!’ என்று எழுதினோம். மனம் சற்று உறுத்தியதால், ‘மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தலாகாது’ என்ற வாக்கியத்தைக் கட்டுரையின் கடைசிப் பந்தியிலே சேர்த்தோம். உறுத்தல் தீர்ந்துவிட்டதாக எண்ணி உறங்கினோம்.

ஒரே வாரத்தில் அந்தப் பக்கத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். முகநூலில் பகிர்ந்தனர், வாட்ஸ்அப்பில் அனுப்பினர். காலையில் தேநீர் ஆறுமுன் எண்ணிக்கையைப் பார்ப்பது எமக்கு வழக்கமாயிற்று. விளம்பரக் கணக்கில் 83 டொலர் சேர்ந்தது.

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், வேறெதையோ தேடப் போய், மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் திறந்தோம். விளம்பரக் கடிதங்களுக்கு நடுவே, எமது வலைப்பூ வழியாகக் கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதம் கிடந்தது.

“அம்மா, உங்கள் பக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து அப்பா மாத்திரை குடிப்பதில்லை. கிளினிக்குக்கும் போகவில்லை. மூன்று வேளையும் குரக்கன் பிட்டுத்தான். இப்போது தாகமும் களைப்பும் அதிகமாக இருக்கிறது. முப்பது நாள் முடியத்தான் குணம் தெரியுமா? தயவுசெய்து பதில் எழுதுங்கள்.”

கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும், நாளொன்றுக்கு மூன்று தடவை, நாம் எண்ணிக்கையைப் பார்த்திருந்தோம். அந்த எண்ணிக்கைக்குள் ஒரு மனிதர் தாகத்தோடு இருந்ததைப் பார்க்கவில்லை.

கை நடுங்க உடனே பதில் எழுதினோம்: அப்பாவை இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள், கிளினிக் கொப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், நாம் இட்ட தலைப்புப் பிழையானது. மனையியல் ஆசிரியைக்குத் தெரியாத விஷயமா இது? நூறு கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 70 கிராம் காபோவைதரேற்று உண்டு. நார்ச்சத்து உள்ளதால் அது அரிசியிலும் நல்லதாகலாம். ஆயினும் அளவு மிஞ்சினால் அதுவும் குருதியில் சீனியை ஏற்றவே செய்யும். இதனை எத்தனை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம்! மாணவிகளுக்கு ஒரு நியாயம், வலைப்பூவுக்கு ஒரு நியாயமா?

அன்றிரவு புள்ளிவிபரங்களை மீண்டும் பார்த்தோம். இம்முறை வேறொரு வரியைப் பார்த்தோம். அந்தப் பக்கத்தில் வாசகர் தங்கிய நேரம் சராசரி 50 விநாடி. எமது எச்சரிக்கை இருந்த கடைசிப் பந்தியை அடைய நான்கு நிமிடமேனும் வேண்டும். கருவி உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. எத்தனை பேர் வந்தனர் என்று கேட்டோமேயன்றி, வந்தவர் எதை வாசித்துச் சென்றனர் என்று நாம் கேட்கவில்லை. வகுப்பை நொந்து பயனில்லை. எழுதியது எமது கை.

திருத்துவது எழுதுவதிலும் கடினமாயிருந்தது. தலைப்பை மாற்றினோம், ஆனால் பக்கத்தின் முகவரியிலேயே பழைய தலைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய முகவரி அமைத்து, பழையதற்கு வருவோரைப் புதியதற்குத் திருப்பிவிடும் முறையைக் கற்றோம். தேடுபொறியின் அட்டவணையில் பழைய தலைப்பே நின்றது. மீண்டும் வந்து வாசிக்கும்படி விண்ணப்பித்தோம். முகநூல் பழைய தலைப்பைப் படத்தோடு சேமித்து வைத்திருந்தது. அதனைப் புதுப்பிக்கும் கருவியையும் தேடிப் பிடித்தோம். எச்சரிக்கையை முதல் வரிக்குக் கொண்டுவந்தோம். ‘நாம் செய்த பிழை’ என்று தனிக் கட்டுரையொன்றும் எழுதினோம். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாகச் சென்றவற்றைத் திரும்ப அழைக்க ஒரு கருவியும் இல்லை. அவை இன்றும் எவருடைய தொலைபேசியிலோ இருக்கக்கூடும். அந்த நினைவு எம்மை விட்டுப் போகவில்லை.

நான்கு நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. தகப்பனாரை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருந்தனர், இப்போது வீடு திரும்பிவிட்டார், மாத்திரையும் தொடங்கியாயிற்று. அவள் எம்மை ஏசவில்லை. “அப்பா தலைப்பை மட்டுந்தான் வாசித்தார், அம்மா” என்று எழுதியிருந்தாள். ஏசியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

அந்தப் பக்கத்துக்கு வருவோர் தொகை மூன்றிலொன்றாகக் குறைந்தது. 83 டொலர் நூறாவதற்கு மேலும் பதினான்கு மாதம் சென்றது. அதைக் கொண்டு வலைப்பூவின் பெயரைப் புதுப்பிக்கும் கட்டணத்தைச் செலுத்தினோம். வலைப்பூ இன்றும் நடக்கிறது. 2023இல் கூகிள் பழைய புள்ளிவிபர முறையை நிறுத்திவிட்டுப் புதியதைப் புகுத்தியபோது, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதையும் படித்தோம். கருவிகளோடு எமக்குப் பகையில்லை. பிழையைப் பரப்பியதும் அவைதான். பிழையைத் தேடிச்சென்று திருத்த உதவியதும் அவைதான்.

இப்போது காலையில் முதலிற் பார்ப்பது குப்பைப் பெட்டியை. எண்ணிக்கை அதற்குப் பின்னர். தலைப்பு எழுதும்போது ஒரு சிறு வழக்கத்தையும் கைக்கொண்டுள்ளோம். நோயுற்ற ஒருவர் எமது விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அவர் முகத்தைப் பார்த்து அந்தத் தலைப்பை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறோம். சொல்ல நாக்கூசினால் அழித்துவிடுகிறோம்.

பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பலகையில் எழுதிய பூவே கூடையிலும் இருத்தல் வேண்டும்.