அம்புக்குறி நான், ஸ்பேஸ் பார் அவன்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் அந்த மாடிப்படி உங்களுக்கும் நினைவிருக்கும். கீழே லாலா கடை. கருக்கல் நேரத்தில் அல்வா கிண்டி இறக்கினால் நெய் வாசம் நமக்கு முன்னால் படியேறிப் போய்விடும். படி முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் செருப்புக் காலோடு போகக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். கதவைத் தள்ளினால் ஏ.சி. குளிர், ஊதுபத்தி, சூடேறிய மானிட்டரின் தூசி வாசம் எல்லாம் சேர்ந்து முகத்தில் வந்து மோதும். ஒரு மூலையில் யு.பி.எஸ். உறுமிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் டேலி கிளாஸ், கல்யாணப் பத்திரிகை டி.டி.பி. ராத்திரி ஏழு மணிக்கு மேல் கடைசிக் கம்ப்யூட்டரின் உறையை அண்ணாச்சி கழற்றித் தருவார். மணிக்குப் பத்து ரூபாய். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல். நாற்காலி என் சேக்காளிக்கு, அவன் ஒரு கிளாஸ் மூத்தவன் என்பதால்.

லாலா கடையில் கால் கிலோ கேட்டால்கூட முதலில் வாழையிலைத் துண்டில் ஒரு விள்ளல் வைத்து நீட்டுவார்கள். வாயில் போட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார் கடைக்காரர். "இன்னைக்கு நெய் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று ஒருவர் சொல்வார். "பதம் ஒரு மாத்து முந்திட்டு" என்பார் இன்னொருவர். கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே திரும்பி மாஸ்டரைப் பார்ப்பார். ஷேர்வேர் என்றால் என்ன என்று அண்ணாச்சி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த விள்ளலைக் காட்டித்தான். "கேம் பண்ணவன் ஒரு விள்ளல் சும்மா தாரான்ல. ருசி பிடிச்சா மிச்சத்துக்குத் துட்டு அனுப்பணும். பிடிக்கலைன்னா என்ன பிடிக்கலைன்னு சொல்லணும். அதுதான் மரியாதை."

முதல் விள்ளல் கமாண்டர் கீன். அமெரிக்காவில் 1990 டிசம்பர் 14 அன்று வந்த கேம். நம்ம ஊருக்கு ஃபிளாப்பியில் வந்து சேர்வதற்குள் பல வருசம் ஓடிவிட்டது. ஃபுட்பால் ஹெல்மெட் மாட்டின எட்டு வயசுப் பையன் தானே ஒரு ராக்கெட் கட்டிக்கொண்டு செவ்வாய்க்குப் போய் மாட்டிக்கொள்கிறான். மூன்று பாகத்தில் முதல் பாகம் மட்டும் இலவசம். மற்ற இரண்டும் வேண்டுமென்றால் டெக்சாஸில் கார்லண்ட் என்கிற ஊரில் இருந்த அபோஜி கம்பெனிக்கு டாலரில் பணம் அனுப்ப வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து முப்பது டாலர். சேக்காளி உள்ளங்கையில் பேனாவால் பெருக்கிப் பார்த்தான், ஆயிரத்துக்கு மேல் வந்தது. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, "சரி, மொதப் பாகத்தையே ஆடுவோம்ல" என்றான்.

எப்படி ஆடுவோம் தெரியுமா? ஒரே கீபோர்டில் இரண்டு பேர். அம்புக்குறி நான். கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் பார் மூன்றும் அவன். கீனில் கன்ட்ரோல் அமுக்கினால் குதிப்பான், ஆல்ட் அமுக்கினால் போகோ குச்சியில் ஏறித் துள்ளுவான், இரண்டையும் ஒன்றாக அமுக்கினால் சுடுவான். நான் ஓட்டிக்கொண்டு போவேன், பள்ளம் வருகிற இடத்தில் அவன் குதிக்க வைப்பான். வாயைத் திறந்து "குதி" என்று சொல்ல நேரம் கிடையாது. என் தோள் கொஞ்சம் முன்னால் சாயும், அதைப் பார்த்தே அமுக்கிவிடுவான். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருக்கிற குட்டி ஸ்பீக்கர் கீய்ங் கீய்ங் என்று கத்தும். அண்ணாச்சி அங்கிருந்தே, "ஏல, சத்தத்தக் கொறங்கல" என்பார். அந்த ஸ்பீக்கரில் குறைக்கிறதுக்குத் திருகாணி கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. மூன்று கட்டம் இழுத்து வைத்திருப்பான். கேம் பேரு. எத்தன லெவலு சும்மா. மூன்றாவது கட்டத்தின் தலைப்பு, "எங்க இடிக்கி." எல்லாம் தமிழில். இங்கிலீஷ் அவனுக்கு வராது, வரவேண்டும் என்று அவன் நினைக்கவும் இல்லை. ஒரு டெமோ முடிந்ததும் ஸ்கிரீனை அணைப்பதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் கோபம் ஆறிப்போய்விடும் என்பான். இப்படி மாற்று, அப்படிச் செய் என்று ஒருநாளும் எழுதமாட்டான். இடிக்கிற இடத்தை மட்டும் சொல்வான். ஜாஸ் ஜாக்ராபிட் என்ற பச்சை முயலுக்கு அவன் எழுதியது: "ஓட்டம் ஜாஸ்தி. எதிர்ல வாரது தெரியல. முட்டுன பொறவுதான் தெரியுது." 1994-இல் வந்த அந்த கேமைப் பற்றி இன்றைக்கும் ஆடுகிறவர்கள் முதலில் சொல்கிற குறை அதுதான்.

டூம் வந்தது ஒரு தசராவின்போது. ஆயிரத்தம்மன் கோயில் சப்பரத்தோடு மற்ற அம்மன் சப்பரங்களும் வரிசையாகப் புறப்படுகிற ராத்திரி. கொட்டுச் சத்தம், நாதஸ்வரம், ஜெனரேட்டர் புகை, பூவாசம், எல்லாம் ஜன்னல் வழியே வருகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்த ஒரு அண்ணன் இரண்டு ஃபிளாப்பி கொடுத்திருக்கிறான். முதலாவது ஏறிவிட்டது. இரண்டாவது கடக், கடக் என்று அரைக்கிறது. சேக்காளி அதை வெளியே எடுத்து, தகட்டை நகர்த்தி, லேசாக ஊதி, சட்டையில் தடவி, மறுபடி போடுகிறான். ஏறிவிட்டது. சப்பரம் எங்கள் தெருவைத் தாண்டிப் போனதுகூட எங்களுக்குத் தெரியாது.

1993 டிசம்பர் 10-ஆம் தேதி வெளிவந்த அந்த கேமில் இருபத்தேழு லெவல். ஒன்பது மட்டும் இலவசம். எட்டாவதில் இரண்டு பெரிய அரக்கர்களைக் கொன்று முடித்து மேடையேறினால் நம்மை ஓர் இருட்டறைக்குள் தூக்கிப் போடும். சுற்றிலும் பிசாசுகள், தரையே உயிரைத் தின்னும், அதோடு பாகம் முடிந்தது. வெளியே வந்தால் மீதியை எப்படி வாங்குவது என்று கலர் எழுத்தில் ஓர் அறிவிப்பு. சேக்காளிக்குத் தாங்க முடியவில்லை. "செயிச்ச பொறவும் கொல்லுதான்ல" என்று படியிறங்குகிறவரை சொல்லிக்கொண்டே வந்தான். நோட்டில் ஒரே வரி: "செயிச்சவனக் கொல்லப்படாது."

அப்புறம் சி.டி. காலம். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு மாதம் ஒரு சி.டி. ஒட்டி வரும். பத்திரிகையை அண்ணாச்சி வாசிப்பார், சி.டி. எங்களுக்கு. பெரிய கம்பெனி டெமோக்களுக்கு நடுவே எங்கேயோ ஒரு மூலையில் ஒற்றை ஆள் உட்கார்ந்து செய்த கேம்கள் கிடக்கும். சேக்காளிக்கு அவைதான் பிடிக்கும். படம் சுமாராக இருக்கும், பாட்டு ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடும். ஆனால் ரீட்மீ ஃபைலைத் திறந்தால் செய்தவன் நம்மிடம் பேசுவான். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தேன், தப்பு இருந்தால் எழுதுங்கள் என்று மெயில் முகவரியும் கொடுத்திருப்பான்.

அப்படி ஒரு பூனை கேம். கூரைக்குக் கூரை தாவும். ஊர் அறியாமலே போன கேம் அது. பேர் எதற்கு? நான் ஓட்டுகிறேன், அவன் அமுக்குகிறான், பூனை விழுகிறது. மறுபடி விழுகிறது. "விளிம்புல கால் இருக்கும்போதுதானல அமுக்குனேன்?" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்துத் தடவை ஆடிப் பார்த்து, பத்துத் தடவையும் கோடு போட்டுக் குறித்துக்கொண்டான். ஏழு தடவை விழுந்திருந்தது.

முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே போய் அரைமணி நேரத்துக்குத் துட்டுக் கட்டி அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பூனை மேல எங்களுக்குக் கோவம் இல்ல, பாசம் இருக்கப்போயிதான் எழுதுதோம்னு மொதல்ல போடு" என்றான். அதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு அன்றைக்குச் சரியாக வரவில்லை. ஆனாலும் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்திருந்தது. நீங்கள் சொன்னது சரி, விளிம்பைத் தாண்டின பிறகும் ஒரு கண்ணிமைப்பு நேரம் குதிக்க விட்டிருக்கிறேன், ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள். புது டெமோ நான்கு எம்.பி.கூட இருக்காது. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஃபிளாப்பிகளில் பிரித்து எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு ஓடினோம். பூனை தாவிவிட்டது. அடுத்த கூரை. அதற்கடுத்த கூரை. சேக்காளி நோட்டை எடுத்துப் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினான்: "இப்பம் சரி."

அந்தக் கண்ணிமைப்பு நேரத்துக்குப் பேரே இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. கயோட்டி டைம். கார்ட்டூனில் ஓநாய் மாதிரி ஒன்று பறவையைத் துரத்திக்கொண்டு பாறை விளிம்பைத் தாண்டி ஓடி, வெறும் காற்றில் கொஞ்ச நேரம் நிற்குமே, அதை வைத்து வந்த பேர். 2018-இல் வந்த செலஸ்ட் என்ற மலையேறும் கேமில் அதை அவ்வளவு பதமாகச் சேர்த்திருக்கிறார்கள். 2015-இல் நாலே நாளில் இரண்டு பேர் செய்த ஒரு குட்டி கேமில் இருந்து வளர்ந்தது அது. அதை ஆடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனையின் ஞாபகம்தான்.

சேக்காளி ஏ.சி. மெக்கானிக் ஆகி சவூதிக்குப் போனான். நான் சென்னைக்கு வந்தேன். தினமும் கேம் ஆடாவிட்டாலும் பேச்சு நிற்கவில்லை. ஜப்பானில் ஒரே ஆள் ஐந்து வருசம் உட்கார்ந்து குகைக்குள் நடக்கிற கதை ஒன்றைச் செய்து 2004-இல் சும்மாவே கொடுத்துவிட்டார், கேவ் ஸ்டோரி என்று பேர் என்றேன். "அஞ்சு வருசமா? அவரு வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டான். 2013-இல் அண்டர்டேல் டெமோவை ஆடி முடித்த கையோடு அவனுக்கு போன் போட்டேன். எதிரில் வருகிற எதையும் கொல்ல வேண்டியதில்லை, பேசியே அனுப்பிவிடலாம், கொல்லாமலே முடிக்கலாம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான், "நம்ம நோட்ட எவனோ வாசிச்சிருக்கான்ல."

இப்போது ஸ்டீம் என்கிற இணையக் கடையில் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று வருசத்துக்கு மூன்று தடவை டெமோத் திருவிழா. நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று பேர். ஆயிரக்கணக்கான டெமோக்கள். வீட்டிலிருந்தே இறக்கலாம், நாலு எம்.பி. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து வருசக் கணக்கில் செய்ததை அப்படியே நம் முன்னால் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அந்த லாலா கடைக்காரர் மாதிரியே. நான் எந்தத் திருவிழாவையும் விடுவதில்லை. ஆடுகிறேன், கடைசியில் வருகிற படிவத்தை நிரப்புகிறேன். குதிப்பது எப்படி இருந்தது, ஒன்று முதல் ஐந்து வரை. எந்த இடத்தில் நிறுத்தினீர்கள். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா. பல டெமோக்களில், ஆடுகிறவன் எந்தப் பள்ளத்தில் எத்தனை தடவை விழுந்தான் என்பதைக் கம்ப்யூட்டரே எண்ணி அனுப்பிவிடுகிறது. கோடு போட்டுக் குறிக்க வேண்டியதில்லை.

வெண்பா என்ற கேம் வந்தபோது, 2023 ஜூலை கடைசியில், அதை இரண்டு தடவை ஆடினேன். டொரோண்டோவில் செய்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா எழுதிக்கொடுத்த சமையல் நோட்டு, அதில் அங்கங்கே எழுத்து அழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற வரி காணோம். ஆவி போகிற ஓட்டையைப் பார்த்து நாமே மாற்றி மாற்றி அடுக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வருசம் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசே அதற்குக் கிடைத்தது. அடுப்புச் சத்தம், தாளிக்கிற சத்தம் எல்லாம் அவ்வளவு நேர்த்தி. அதை ஆடிக்கொண்டிருக்கும்போது மேஜை மேல் இன்னொரு நோட்டும் கிடந்தது. சேக்காளி வீட்டு மதினி தினத்தந்தித் தாளில் சுற்றிக் கொடுத்தது. "பீரோவுல இருந்துச்சு தம்பி. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. ஒங்களுக்குத்தான் புரியும்." ஏதோ ஒரு மழையில் நனைந்து மூன்றாவது கட்டம் பாதிக்கு மேல் ஊறிப்போயிருந்தது. "எங்க இடிக்கி" என்ற தலைப்பு மட்டும் தெளிவாக இருந்தது.

போன வருசம் பாளைக்குப் போயிருந்தேன். லாலா கடை இருக்கிறது. வாழையிலைக்குப் பதில் பேப்பர் துண்டு, அல்வா அதே பதம். மேலே மொபைல் கவர் விற்கிறார்கள். படியேறி, பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். "பரவால்ல சார், போட்டுட்டே வாங்க" என்றான் அங்கிருந்த பையன்.

இந்தத் தடவை நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு டெமோ. மழைக்காலக் காடு, கிளைக்குக் கிளை தாவுகிற ஒரு சின்னப் பெண். செய்தது இரண்டே பேர். ரொம்ப அழகாக இருக்கிறது. மழைச் சத்தத்துக்கே முழு மார்க் போடலாம். இரண்டாவது லெவலில் ஒரு நீளமான தாவல், அதில் விழுந்தேன். மறுபடி விழுந்தேன். பத்துத் தடவை ஆடி ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன், ஏழு தடவை. "விளிம்பில் குதி சற்றுப் பிந்துகிறது" என்று படிவத்தில் தட்டிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ஆடினேன், இந்த முறை ஸ்கிரீனைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு. வலது கை அம்புக்குறியில் சரியாகத்தான் போகிறது. விளிம்பு வரும்போது என் தோள் கொஞ்சம் முன்னால் சாய்கிறது. இடது கைப் பெருவிரல் ஸ்பேஸ் பாருக்கு மேலே அப்படியே நிற்கிறது, அமுக்காமல்.

எழுதியதை அழித்தேன். குதிப்பது எப்படி இருந்தது என்ற இடத்தில் ஐந்து போட்டு அனுப்பினேன்.