சுவருக்குச் சுவர் ஒன்று

நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களிடையே ஒரு தீராத வழக்கு உண்டு. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனால் ஒரு ரவுண்டா, போய்த் திரும்பி வந்தால்தான் ஒரு ரவுண்டா? தலையைத் துவட்டிக்கொண்டே ஒருவர், "இன்னைக்கு நாப்பது போட்டேன் சார்" என்பார். கேட்கிறவர் முகத்தில் மரியாதையும் சந்தேகமும் சேர்ந்தே தெரியும். 50 மீட்டர் குளம் என்றால் அந்த நாற்பது 2000 மீட்டராகவும் இருக்கலாம், 4000 ஆகவும் இருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் 12 மீட்டர் குளம் என்றால் 480 மீட்டரோடு கதை முடிந்துவிடும்.

போய்வந்தால்தான் ஒன்று என்பவர்கள் ஓட்டப்பந்தயத்தைத் துணைக்கு அழைப்பார்கள். மைதானத்தில் புறப்பட்ட கோட்டுக்கே வந்து சேர்ந்தால்தானே ஒரு சுற்று? குளத்துக்கு மட்டும் வேறு நியாயமா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எதிர்க்கட்சி. எங்கள் கட்சிக்குக் கண்ணால் காணும் சாட்சியும் இருக்கிறது. 800, 1500 மீட்டர் போட்டிகளில் இன்னும் எத்தனை பாக்கி என்று காட்ட, திரும்பும் முனையில் எண் அட்டை வைப்பார்கள். அதில் வருவது ஒற்றைப்படை எண்கள் மட்டுமே. 50 மீட்டர் குளத்தில் 1500 மீட்டருக்கு 30 தடவை நீந்த வேண்டும். முதல் தடவை எதிர்ச்சுவரை அடையும்போது பாக்கி 29, மறுபடி அங்கே வரும்போது 27. போய்வருவதை ஒன்று என்று எண்ணியிருந்தால் அட்டையில் 'பதினாலரை' என்றல்லவா எழுத வேண்டும்!

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியம் சுவர். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை இரண்டிலும் திரும்பும்போது இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஃப்ரீஸ்டைலில் உடம்பின் எந்தப் பகுதி பட்டாலும் போதும். அதனால்தான் குட்டிக்கரணம் போட்டுக் காலால் உந்துகிறார்கள். தொடாமல் திரும்பினால் தகுதி போய்விடும். நம் காலைக் கூட்டத்தில் பலர் சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே காலை ஊன்றி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நாட்டு நடப்பையும் விசாரித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அது ரவுண்டு ஆகாது.

சுவரை நம்பலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில். 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4 நிமிடம் 31.98 விநாடியில் முடித்தார்கள். மின்னணுக் கடிகாரத்தின் அடுத்த இலக்கத்தையும் பார்த்தார்கள்: ஒருவருக்கு 31.981, மற்றவருக்கு 31.983. தங்கம் லார்சனுக்கு. அந்த வேகத்தில் 0.002 விநாடிக்குள் ஒருவர் கடக்கும் தூரம் சுமார் 3 மில்லிமீட்டர். இத்தனை பெரிய குளத்தில் எல்லாத் தடங்களும் 3 மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் ஒரே நீளம் என்று எந்தக் கொத்தனார் சத்தியம் செய்வார்? மெக்கீ தோற்றது லார்சனிடமா, சுவர்ப் பூச்சிடமா? பிறகு விதியை மாற்றி, நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதுவும் சமமானால் பதக்கத்தைப் பகிர வேண்டியதுதான். 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வாங்க, அவருக்குப் பின்னால் பெல்ப்ஸ், சாட் லெ க்ளோஸ், லாஸ்லோ செஹ் மூவருக்கும் 51.14 விநாடி, மூவருக்கும் வெள்ளி. இதுதான் நேர்மையான கணக்கு.

குளத்தின் நீளமே எப்போதும் 50 ஆக இருந்ததில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மைதானத்துக்கு நடுவே கட்டிய குளம் 100 மீட்டர்; 1500 மீட்டரைப் பதினைந்திலேயே முடித்துவிட்டார்கள். எண்ணிக்கை கூடினால் கஷ்டமும் கூடும் என்று நினைக்க வேண்டாம், நேர்மாறு. 2024 பாரிஸில் 50 மீட்டர் குளத்தில் பாபி ஃபிங்க் 1500 மீட்டரை 14 நிமிடம் 30.67 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். 2021 அபுதாபியில் 25 மீட்டர் குளத்தில் ஃப்ளோரியன் வெல்ப்ராக் படைத்த சாதனை 14 நிமிடம் 6.88 விநாடி. அறுபது தடவை போனவர்தான் முந்தி. திரும்பும் ஒவ்வொரு முறையும் சுவர் கொடுக்கும் உந்து அப்படி.

இப்போது எண்ணும் வேலையைக் கைக்கடிகாரத்திடம் விட்டுவிட்டோம். அதற்குக் குளத்தின் நீளம் தெரியாது. கையசைவை வைத்து நாம் திரும்பியதை ஊகித்து, நாம் பதிந்து வைத்த நீளத்தால் பெருக்கிச் சொல்கிறது. 25 மீட்டர் குளத்தில் 50 என்று பதிந்திருந்தால், பாதி தூரம் நீந்திவிட்டு முழுப் பெருமை அடித்துக்கொள்ளலாம். புதிதாகக் குளத்தில் சேர்கிறவர்கள் முதல் நாளே நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுவருக்குச் சுவர் ஒன்று என்று எண்ணுங்கள். வெளியே சொல்லும்போது மீட்டரில் சொல்லுங்கள்.