ஓப்பநாயக்கவில் கேட்ட பாட்டு

இரத்தினபுரிக்கு மாணிக்கக் கல்லால் பெருமை. பலாங்கொடைக்கு அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய ஆதிமனிதனால் பெருமை. இவ்விரு நகர்களுக்கும் இடையே பெருந்தெருவோரம் அமைந்திருக்கும் ஓப்பநாயக்கவுக்கு யாது பெருமை? அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வினாவை விடுத்திருந்தால் எவரும் தயங்காமல் விடை கூறியிருப்பர்: "ரயில் வண்டி வந்து நிற்கும் கடைசி ஊர் அது."

களனிவெளி ரயில் பாதையின் கதையை அறிந்தோர் இதனை அறிவர். இரண்டரை அடி அகலமே உள்ள ஒடுங்கிய தண்டவாளம் 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை அடைந்தது; 1919இல் ஓப்பநாயக்கவை எட்டி அங்கேயே நின்றுவிட்டது. தேயிலையும் இறப்பரும் அவ்வழியே கொழும்புக்குச் சென்றன. அரிசியும் துணியும் கடிதங்களும் அவ்வழியே வந்தன. 1970களின் நடுப்பகுதியில் பாதை மூடப்பட்டது. பின்னர் அவிசாவளை வரை மட்டும் அகலப் பாதையாக அது புத்துயிர் பெற்றது. ஆகவே நாம் கொழும்பிலிருந்து பஸ் வண்டியிலேயே புறப்பட்டு, அவிசாவளை, எகலியகொடை, குருவிட்ட, இரத்தினபுரி, பெல்மதுளை ஆகிய ஊர்களைக் கடந்து ஓப்பநாயக்கவில் இறங்கினோம்.

எமது கையில் ஒரு பழைய குறிப்பேடு இருந்தது. இப்பயணத்துக்குக் காரணமே அதுதான். எமது நண்பர் ஒருவர் ஓப்பநாயக்கவை அடுத்த தோட்டமொன்றில் நெடுங்காலம் கிளாக்கராகப் பணிபுரிந்தவர். அவர் காலமானபின் அவருடைய மைந்தர் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் அக்குறிப்பேட்டையும் எமக்கு அனுப்பி வைத்தார். ஏட்டின் முதற்பக்கத்தில் "1964" என்று தடித்த எழுத்தில் வரைந்து, அதன்கீழ் அவ்வாண்டில் வானொலியிலும் சஞ்சிகைகளிலும் அறிந்த ஆங்கில நாட்டுப்பாடல்களின் வரிசையை நண்பர் மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தார். எந்தப் பாட்டு எத்தனையாவது இடம், எத்தனை வாரம் என்பதெல்லாம் அதில் இருந்தன. பகலில் இறப்பர்ப் பாலின் நிறையைப் பதிந்த அதே கை, இரவில் விளக்கொளியில் பாட்டுக்களின் நிறையையும் பதிந்திருந்தது!

அமெரிக்க நாட்டுப்பாடலுக்கு இத்தகைய தரவரிசை தோன்றிய வரலாறு சுவையானது. 1944ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் 'பில்போர்ட்' என்னும் அமெரிக்க இசை வணிக வார இதழ் முதன்முறையாக ஒரு பட்டியலை வெளியிட்டது. உணவு விடுதிகளில் வைக்கப்பட்டிருந்த, காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளில் எந்தக் கிராமியப் பாட்டு மிகுதியாக ஒலித்தது என்பதே அப்பட்டியலின் கணக்கு. அதாவது, வீழ்ந்த காசுகளை எண்ணிப் பாட்டின் பெருமையை அளந்தார்கள். அளவுகோல் எதுவாயினும், அளக்கப்பட்ட பாட்டுக்கள் ஏழைகளின் பாட்டுக்கள் என்பதை நாம் மறத்தலாகாது. பருத்திக் காடுகளிலும் சோளக் கொல்லைகளிலும் மரக்கூடாரங்களிலும் பிறந்தவை அவை.

1964ஆம் ஆண்டு அந்த இசைக்கு வாய்த்த நல்லாண்டு. ஜனவரியில் நாட்டிசை நெடுந்தட்டுகளுக்கெனத் தனிப் பட்டியல் முதன்முதலாக வெளிவந்தது. அதன் தலைமை இடத்தில் ஜானி காஷ் என்பவரின் தட்டு இருந்தது. ஆர்க்கன்சா மாநிலத்தில், குடும்பத்தாரோடு பருத்தி பறித்துக்கொண்டே பாடக் கற்றவர் அவர். ஆண்டின் இறுதியில் கோனி சிமித் என்ற இளம்பெண் தமது முதற்பாட்டினாலேயே முதலிடத்தைப் பிடித்து எட்டு வாரம் அதனை விடாது வைத்திருந்தார். ஆயினும் நண்பரின் ஏட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டிருந்த பெயர் ஜிம் றீவ்ஸ் என்பதே. ஒலிவாங்கிக்கு அருகே உதட்டை வைத்து, அயலில் அமர்ந்து பேசுவதுபோல் பாடிய அந்த டெக்சாஸ் பாடகரின் குரல், இலங்கையில் ஆங்கிலப் பாட்டுக் கேட்போர் வீடுகளிலெல்லாம் உறவுக்காரரின் குரல்போல் ஆகியிருந்தது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள், தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் நாஷ்வில் நகருக்கு அருகே புயல்மழையில் சிக்கி வீழ, நாற்பதே வயதில் அவர் மாண்டார். ஆகஸ்ட் மாத இறுதியில் அவருடைய பாட்டொன்று முதலிடத்துக்கு ஏறி ஏழு வாரம் அங்கே நின்றது. இறந்தவர் பாட, இருந்தவர் கேட்டனர்.

இவ்வளவும் முன்பக்கங்களில். ஏட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் எமது உள்ளம் கனத்தது. அங்கேயும் ஒரு வரிசை இருந்தது. லயத்தின் எண், காம்பறாவின் எண், அவற்றுக்கு நேரே ஒவ்வொரு சொல்: "இந்தியா", "இலங்கை", "இந்தியா", "இந்தியா"... தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தபோது நண்பர் வைத்துக்கொண்ட கணக்கு அது.

மாணவர்கள் பொருட்டு இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழ் மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்று வைத்தார்கள். அம்மிச்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஜிம் றீவ்ஸ் மறைந்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் இந்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஒரே ஆண்டில் பாட்டுக்களையும் எண்ணினார்கள், மனிதர்களையும் எண்ணினார்கள். எண்ணப்பட்ட அம்மனிதர்களின் பாட்டுக்களை எண்ணியவர் யார் என்னும் கேள்வியே எம்மை ஓப்பநாயக்கவுக்கு அழைத்துச் சென்றது.

பெருந்தெருவிலிருந்து பிரிந்து செல்லும் தோட்டப் பாதையில் நடந்தோம். நுவரெலியாப் பக்கத்து மலைகளைப்போல் இங்கே பச்சைக் கம்பளம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பதில்லை. தாழ்நிலத் தேயிலையும் இறப்பர்க் காடும் கிராமத்து வீட்டுத் தோட்டங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சப்பிரகமுவைத் தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறுசிறு கூட்டமாகவே வாழ்கிறார்கள். இரு மொழியும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலை பத்து மணியளவில் இறப்பர் மரங்களுக்கிடையே நிழல் பச்சை நிறமாக இருந்தது. சிரட்டைகளில் பால் வெள்ளையாய்த் திரண்டு நின்றது.

பீலியடியைத் தாண்டிப் பழைய லயத்தை அடைந்தோம். நண்பரின் ஏட்டில் "இலங்கை" என்று குறிக்கப்பட்ட காம்பறா ஒன்றில் இன்னும் அதே குடும்பம் வாழ்ந்து வந்தது. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாசலுக்கு வந்து, "வாங்க ஐயா, உள்ளுக்கு வந்து உட்காருங்க" என்று பாய் விரித்தார். 1964இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. ஏட்டைக் காட்டியதும் முகம் மலர்ந்தது.

"கிளாக்கரையா எழுத்துத்தான்! ஞாயித்துக்கிழமை அவர் வீட்டில இங்கிலீசுப் பாட்டுக் கேட்கும். ஒரு ஆள் மெதுவா, காதுக்குள்ள பேசுற மாதிரிப் பாடுவாரு. பாசை விளங்காது. ஆனா அந்த ஆளுக்கு மனசுல என்னமோ கவலைன்னு நாங்க பேசிக்குவோம்."

அந்த ஆள் யாரென்று நாம் கூற வேண்டியதில்லை. நீங்கள் என்ன பாட்டுப் பாடுவீர்கள், அம்மா என்று வினவினோம். அவர் சிரித்து, "எங்க பாட்டு பாதிதான் ஐயா இருக்கு" என்றார். முதலில் அதன் பொருள் எமக்கு விளங்கவில்லை.

இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலை அறிந்தவர்க்கு அது எளிதில் விளங்கும். வெயில் ஏறுமுன், குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஒழுகும். ஆகவே இருள் பிரியும் நேரத்திலேயே வெட்டுக்காரர் மரத்துக்குப் போய்விடுவர். கொழுந்து பறிப்போர் நிரையாக நிற்பதுபோல் இவர்கள் கூட்டமாக நிற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மரங்கள். மங்கல் வெளிச்சத்தில் தனியே நிற்கும் பெண்ணுக்கு அச்சம் தோன்றாதிருக்குமா? மூதாட்டியும் அவருடைய அக்காளும் பள்ளிக்கு முழுக்குப் போட்டுத் தாயோடு வெட்டப் பழகியவர்கள். அக்காள் மேட்டிலிருந்து ஓரடி பாடுவார். தங்கை பள்ளத்திலிருந்து மறு அடி பாடுவார். "பாட்டு வந்தா அக்கா இருக்கான்னு அர்த்தம். வராட்டி கத்தியைப் போட்டுட்டு ஓடிப் போய்ப் பார்ப்பேன்." தெம்மாங்கின் மெட்டில் வீட்டுச் செய்தி, கங்காணியின் கோபம், மாமன் மகனைப் பற்றிய கேலி யாவும் அதில் வரும். முற்பாட்டு முழுவதும் அக்காளுக்கு உரியது. பிற்பாட்டுத் தங்கைக்கு உரியது.

அக்காள் மணமுடித்த வீடு ஏட்டில் "இந்தியா" என்று குறிக்கப்பட்டிருந்தது. 1970ஆம் ஆண்டில் ஒரு நாள் விடியற்காலை, இரும்புப் பெட்டியும் பாய்க்கட்டுமாக ஓப்பநாயக்க ரயில் நிலையத்தில் அக்காள் குடும்பம் சிறு வண்டியில் ஏறியது. அங்கிருந்து கொழும்பு, அப்பால் தலைமன்னார், பின்பு இராமேசுவரம் செல்லும் கப்பல். சில ஆண்டுகளின் பின்னர் கேரளத்தின் புனலூரில், இலங்கையிலிருந்து சென்றோருக்கென்றே அமைக்கப்பட்ட இறப்பர்த் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. இந்நாட்டில் கற்ற தொழில் அந்நாட்டில் சோறு போட்டது. ஆனால் முற்பாட்டு அவரோடு போய்விட்டது. பிற்பாட்டு மட்டும் ஓப்பநாயக்கவில் தங்கிவிட்டது. கேள்வியில்லாத விடைகளைப்போல் தம்மிடம் மிஞ்சிய அடிகளை மூதாட்டி எமக்குப் பாடிக் காட்டினார். ஒவ்வோர் அடிக்கும் முன்னர், அக்காள் பாட வேண்டிய நேரத்துக்கு மௌனமாகக் காத்திருந்து, பிறகே தொடங்கினார். அந்த மௌனத்தின்போது எம்மால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரத்தினபுரி இசைக்கு அந்நியமான ஊரன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அறுபதுகளின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் அந்நகரில் கூடி 'மூன்ஸ்டோன்ஸ்' என்னும் குழுவை அமைத்தனர். கிட்டாரின் துணையோடு அவர்கள் பாடிய எளிய சிங்களப் பாட்டுக்கள் இலங்கை வானொலி வழியே நாடெங்கும் பரவின. நல்ல பாட்டுக்கு வழி கிடைத்தால் அது சென்றே தீரும். மேட்டிலும் பள்ளத்திலும் நின்று பாடிய சகோதரிகளுக்கு ஒலிவாங்கி கிடைக்கவில்லை. அவர்கள் பாட்டுக்குக் காசு போட ஒரு பெட்டியும் இருக்கவில்லை.

ஆனால் குறிப்பேடு எடுத்துச் சென்ற ஒருவர் இருந்தார். 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, பின்னர் தம் மக்களோடு உரிமை இழந்தவரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையே அவர். தோட்டங்களில் வழங்கிய தாலாட்டையும் தெம்மாங்கையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்து, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக அவர் நமக்கு விட்டுச் சென்றார். 1984இல் அவர் மறைந்தார். நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்கு இடமில்லாது போனபோது, ஏட்டிலாவது அவர்கள் குரலுக்கு இடம் தேடினார் என்றே நாம் கருதுகிறோம்.

நாடற்றோர் என்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. பிரிந்த குடும்பங்களைச் சேர்க்கும் சட்டம் எதுவுமில்லை. மூதாட்டியின் அக்காள் சில ஆண்டுகளுக்கு முன்னர் புனலூரில் காலமானார். ஆயினும் கடந்த தீபாவளியன்று பேத்தியின் கைத்தொலைபேசியில் அக்காளின் மகள் அழைத்துப் பேசினாராம். பேச்சுவாக்கில், தாயிடம் கேட்ட முற்பாட்டில் நாலைந்து அடியைப் பாடினாராம். மூதாட்டி உடனே பிற்பாட்டை எடுத்திருக்கிறார். ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் காத்திருந்த விடைக்குக் கேள்வி வந்து சேர்ந்தது.

"எல்லாம் சரியாத்தான் வந்திச்சு ஐயா. ஒரு இடத்தில மட்டும் ஓப்பநாயக்கன்னு வர வேண்டியதைப் புனலூர்னு பாடிட்டா. அப்படி இல்லைடின்னு சொன்னேன். அம்மா இப்படித்தான் பாடினாங்கன்னு சண்டைக்கு வந்துட்டா!" என்று கூறி மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

மாலை பஸ்ஸுக்காகப் பெருந்தெருவில் நின்றபோது பேத்தி எம்மை வழியனுப்ப வந்திருந்தாள். உயர்தர வகுப்பில் பயிலும் அப்பெண்ணிடம் நண்பரின் குறிப்பேட்டைக் கொடுத்தோம். அதன் முன்பக்கங்களில் 1964ஆம் ஆண்டின் வெற்றிப் பாட்டுக்கள் இருக்கின்றன. பின்பக்கங்களில் காம்பறாக்களின் கணக்கு இருக்கிறது. நடுவே எழுதப்படாத தாள்கள் பல உள. பாட்டி பாடுவதை அத்தாள்களில் எழுதி வைக்குமாறும், புனலூர்ப் பெரியம்மாவிடம் கேட்டு எதிர்ப்பக்கத்தில் முற்பாட்டை எழுதுமாறும் கூறினோம். ஊர்ப் பெயரில் வந்த சண்டையையும் அப்படியே எழுது என்றோம். அவள் தலையசைத்தாள்.

இதனைப் படிக்கும் மாணவ மாணவியர் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கக்கூடும். வெறுந்தாள் உள்ள குறிப்பேடும் ஒன்று இருக்கும். அடுத்த விடுமுறை வரும்வரை காத்திராமல், இன்று மாலையே அவர் அருகில் சென்று அமர்வார்களாக.