8 மி.மீ. வில்லன்!

மெஷின் டிசைன் பேப்பரில் 82 மார்க். அந்தத் திமிரில்தான் சொன்னேன், ‘‘கிளட்ச் பிளேட்டை நானே மாத்திர்றேன்ப்பா. கூலி மிச்சம்!’’

அப்பாவுக்கு வாரச் சந்தைகளில் ரெடிமேட் துணி வியாபாரம். பின் ஸீட்டை மடக்கி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, தூத்துக்குடியைச் சுற்றி சந்தை சந்தையாக ஓடுவது எங்க பழைய கார்தான். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ‘‘சனிக்கிழமை சந்தைக்குள்ள முடிஞ்சிருமாலே?’’ என்று மட்டும் கேட்டார். ‘‘வெள்ளிக்கிழமையே ரெடி’’ என்றேன்.

கிளட்சைத் தொட கியர்பாக்ஸை இறக்கணும். அதுக்கு முன்னால், கியர் ராடு கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் இருக்கிற ரோல் பின்னைத் தட்டி எடுக்கணும். ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டைக் குழாயாகச் சுருட்டி, நீளவாக்கில் ஒரு பிளவு விட்ட குட்டி சமாச்சாரம். துளை 8 மி.மீ. என்றால், வெளியே இருக்கும்போது பின் எட்டரை மி.மீ.யாவது இருக்கும். அடித்து இறக்கும்போது சுருங்கி, மறுபடி விரியத் துடிச்சுக்கிட்டே துளையைக் கவ்விப் பிடிக்கும். பரீட்சையில் இதைப் படம் போட்டு எழுதியவன்தான் நான்!

வியாழக்கிழமை காலை. ஸ்டாண்டு கொடுத்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்தால்... குறுக்கே சைலன்ஸர் பைப். சுத்தியலை ஓங்க ஒரு சாண்கூட இடமில்லை. உப்புக் காற்றில் ராடும் பின்னும் ஒரே துரு. கைக்குக் கிடைத்த கூர் பஞ்சை வைத்து அடித்தேன்... அடித்தேன்... வெள்ளி மத்தியானமும் போச்சு. கண்ணெல்லாம் துரு, கட்டைவிரல் வீக்கம். பின் மட்டும் அசையலை. அப்பா வாசலில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

வெட்கத்தை விட்டு, தெருமுனைப் பட்டறை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். ‘‘கூர் பஞ்சாலயா அடிச்ச? அது குழாய் தம்பி. கூரு உள்ள போனா பின்னு விரிஞ்சு இன்னும் இறுகும். ரெண்டு நாளா நீ பின்னைக் கழட்டலை... நல்லா மாட்டிக்கிட்டு இருந்திருக்க!’’

முதலில் சைலன்ஸர் பைப்பைக் கழற்றினார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துரு இளக்கும் ஆயிலை இரண்டு பக்கமும் அடித்தார். ‘‘இது ஊறட்டும். டீ குடிச்சுட்டு வருவோம்.’’ திரும்பி வந்ததும் எடுத்தது, நுனி தட்டையான, துளையைவிட மயிரிழை ஒல்லியான பஞ்ச். நான் நேராகப் பிடிக்க, அவர் அடித்தார். நாலாவது அடியில் சத்தம் மாறியது. ஏழாவது அடியில் பின் தரையில் விழுந்து உருண்டது!

பழைய பின்னில் இறுக்கம் போயிருக்கும் என்று புதுசுதான் போட்டோம். எல்லாம் முடிந்து கார் கிளம்பும்போது சனிக்கிழமை காலை மணி 10. சந்தையில் நல்ல இடமெல்லாம் போய்விட, ஓரமாகக் கடை விரித்த அப்பா பாதி மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு வார்த்தை... ‘‘மொத நாளே கேட்டிருக்கலாம்லா?’’

இப்போ ஞாயிற்றுக்கிழமைன்னா நான் அண்ணாச்சி பட்டறையில்தான். அந்தப் பழைய பின் என் டூல் பாக்ஸில் பத்திரமா இருக்கு. உங்களுக்கும் இப்படி ஒரு வில்லன் மாட்டினால், தட்டை பஞ்ச் எடுங்க. அதுக்கு முன்னாடி, யாரையாவது கேட்டுருங்க!