விரிக்காத நூல்கள்

மார்கழியின் கடைசி நாட்களில், வரும் ஆண்டில் வாசிக்க வேண்டிய நூல்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது, 1991 இல் நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த நாள் முதலான வழக்கம். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நூல்கள். பட்டியல் முழுவதையும் வாசித்து முடித்த ஆண்டு ஒன்றேனும் இல்லை. எனினும் வழக்கத்தை நான் விடவில்லை.

இம்முறை கொப்பியை விரித்தபோது பேனை ஓடவில்லை. காரணம் ஒரு மாணவி. சில வாரங்களுக்கு முன் சமத்துவம் பற்றி வகுப்பில் நீண்ட நேரம் பேசி முடித்தேன். அவள் எழுந்து, "சேர், மலையக எழுத்தாளர்களில் நீங்கள் யார் யாரை வாசித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். கேள்வியில் குறும்பு இல்லை. அறியும் ஆவலே இருந்தது. நான் இரண்டு மூன்று பெயர்களைச் சொன்னேன். பெயர்களை மட்டுமே நான் அறிவேன். அவர்களின் நூல்களை வாசித்ததில்லை. அவளுடைய பாட்டனார் 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறியவர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அன்றிரவு பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, புத்தகங்களை வீட்டிலே விட்டுவிட்டு நான் பையில் திணித்துக்கொண்டவை அந்தக் கொப்பிகள். மறு ஆண்டு திரும்பியபோது அலுமாரி வெறுமையாக இருந்தது. ஆகவே, என் வாசிப்புக்கு எஞ்சிய சாட்சி அவையே.

அந்தச் சாட்சி எனக்குச் சாதகமாக இல்லை. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மொழிபெயர்ப்புகள் இருந்தன, கோர்க்கி இருந்தார், தமிழ்நாட்டு நாவலாசிரியர்கள் இருந்தனர், எங்கள் குடாநாட்டார் பலர் இருந்தனர். வொல்கா நதிக்கரையை அறிந்த நான், ஆனையிறவுக்குத் தெற்கே ஒரே நாட்டில் வாழ்பவர்களை அறிந்திருக்கவில்லை. சிங்கள நாவல் ஒன்றுகூட இல்லை. பெண்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணலாம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்ட விளக்கில், கிடைத்ததையே வாசித்தோம் என்று என்னைத் தேற்றிக்கொள்ளலாம். அது அந்தக் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை இலவசமாக எவரும் வாசிக்க வழி செய்தது. 2009 க்குப் பின் பாதைகளும் திறந்தன. அதன் பின்னரும் என் பட்டியல் மாறவில்லையே! ரசனை என்று நான் நம்பியிருந்தது வெறும் பழக்கம். அந்தப் பழக்கத்தைச் சுற்றி ஒரு வேலி இருந்தது; அதை நானே அடைத்திருந்தேன்.

1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியே, பின்னர் யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்தது. 1981 இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதை நாம் மறக்க மாட்டோம், மறக்கவும் கூடாது. ஆனால் எரிந்த நூல்களுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், எரியாமல் இருக்கும் நூல்களை விரித்தும் பாராமல் இருப்பது எவ்வகை நியாயம்?

ஆகவே இவ்வாண்டுப் பட்டியல், நான் விரும்புவதைக் கொண்டு அன்று, நான் அறியாததைக் கொண்டு எழுதப்பட்டது. தை மாதத்துக்கு என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. மாசிக்கு சி. வி. வேலுப்பிள்ளை. அவர் 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கிற்று. பங்குனிக்கு 1986 இல் வெளிவந்த பெண் கவிஞர்களின் தொகுப்பான 'சொல்லாத சேதிகள்'. சித்திரைக்கு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'; தென்னிலங்கைக் கிராமமொன்றில் பழைய பெருங்குடும்பம் சரிவதைக் கூறும் 1944 ஆம் ஆண்டு நாவல்.

வைகாசிக்கு டானியலின் 'பஞ்சமர்'. இது முன்பே வாசித்ததுதான். ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று வாசித்ததாகவே அப்போது எண்ணினேன். கிணற்றையும் கோயிற் கதவையும் மறித்து நின்றவர்களின் தெருவில்தான் என் வீடும் இருந்தது என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆதலால் அதை மீண்டும் வாசிக்க வேண்டும்.

மிகுந்த ஏழு மாதங்களையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். ஆசிரியன் பட்டியல் போட, மாணவர் அதைப் பின்பற்றுவதே நம் வழமை. அவ்வழமையை ஒருமுறை மாற்றிப் பார்த்தால் என்ன? ஓய்வு பெறுமுன் எனக்கு இன்னும் ஓராண்டே இருக்கிறது. கொப்பியை வகுப்புக்குக் கொண்டு சென்று மேசைமீது வைத்து, "நான் வாசிக்க வேண்டியதை நீங்கள் எழுதுங்கள், ஒவ்வொரு மாத முடிவிலும் என்னிடம் கேள்வி கேளுங்கள்" என்றேன். முதலில் சிரித்தார்கள். பின்னர் ஒருவருக்கொருவர் கலந்து பேசத் தொடங்கினார்கள்.

ஆனி மாதத்துக்கு எதிரே இப்போது அந்த மாணவியின் கையெழுத்தில் ஒரு நூலின் பெயர் இருக்கிறது. அதை நான் இதுவரை கேள்விப்பட்டதும் இல்லை.