ரிப்போர்ட் நார்மல்தான்... நடக்கத்தான் முடியலை!

காலேஜ்ல மதிப்பே இல்லாத வார்த்தை எது தெரியுமா பாஸ்? ‘டயர்டா இருக்கு’. காய்ச்சல்னு சொன்னா வார்டன் நெத்தியைத் தொட்டுப் பார்ப்பார். கால் ஒடிஞ்சா மாவுக்கட்டுல கையெழுத்துப் போட ஒரு கூட்டமே வரும். ‘டயர்டா இருக்கு’ன்னு சொல்லிப் பாருங்க... ‘நைட்டு ஃபுல்லா செல்போன் நோண்டினா அப்படித்தான்’னு ஒரே வரியில தீர்ப்பு வந்துடும்.

பல நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகூட இருக்கலாம். ஆனா, நான் சொல்ல வந்தது தூங்கி எழுந்தா போற களைப்பைப் பத்தி இல்லை. மாசக்கணக்குல நீளுற களைப்பு. திடீர்னு கால் வராமப் போறது, கை நடுங்குறது, வலிப்பு மாதிரி வந்து விழறது... எடுத்த டெஸ்ட் எல்லாம் ‘நார்மல்’. எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம் இப்படி ரெண்டு பேரை எனக்கு நல்லாவே தெரியும். ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேரு மட்டும் வேணாம்னாங்க.

ஒருத்தர் ஹாஸ்டல் சீனியர், பெரம்பலூர்க்காரர். செகண்ட் இயர்ல டெங்கு வந்தது. பத்து நாள்ல பிளேட்லெட் ஏறி டிஸ்சார்ஜ் ஆகிட்டார். களைப்பு மட்டும் டிஸ்சார்ஜ் ஆகலை. ஒரு நாள் நல்லாத்தான் எழுந்து வருவார். ரெண்டு கிளாஸ், ஒரு லேப், சாயங்காலம் கேன்டீன் அரட்டை. அதுக்கு அடுத்த ரெண்டு நாள் கட்டில்ல இருந்து எழ முடியாது. பல் விளக்கப் போறதே மாரத்தான் மாதிரி. ‘படுத்தே கிடந்தா இப்படித்தான், டெய்லி கிரவுண்டை நாலு ரவுண்டு சுத்து தம்பி’ன்னு அக்கறையாத்தான் சொன்னாங்க. சுத்தினார். ஒரே வாரம்... ஒரு மாசம் படுக்கை.

இன்னொருத்தி என் சித்தி பொண்ணு. அரியலூர்ல இருந்து ஜெயங்கொண்டம் போற வழியில ஒரு கிராமம். பி.எஸ்சி. முதல் வருஷம். ஒரு காலையில எழுந்தா இடது கால் அவ சொன்ன பேச்சைக் கேட்கலை. இழுத்து இழுத்துத்தான் நடந்தா. திருச்சிக்குக் கூட்டிட்டுப் போய் எம்.ஆர்.ஐ., நரம்பு டெஸ்ட், ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு. ‘ஒண்ணுமில்லை, கூட்டிட்டுப் போங்க’ன்னாங்க. அந்த ‘ஒண்ணுமில்லை’ திருச்சியில பஸ் ஏறி ஊர் வந்து சேர்றதுக்குள்ள ‘நடிக்கிறா’ன்னு மாறிடுச்சு! அவ அப்பாயி மந்திரிச்ச கயிறு வாங்கிட்டு வந்து கட்டினாங்க. பெரியப்பா ஒருத்தர், ‘காலாகாலத்துல கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்’னார். பொண்ணுங்களோட எல்லா வியாதிக்கும் நம்ம ஊர்ல ஒரே மாத்திரை அதுதானே!

நாலு மாசம் கழிச்சு, வேற ஒரு நரம்பியல் டாக்டர் அவளைப் படுக்க வெச்சார். இடது குதிகாலுக்கு அடியில கையை வெச்சு, ‘கீழே அழுத்தும்மா’ன்னார். வலுவே இல்லை. ‘சரி, அதை விடு. வலது காலை மேல தூக்கு, நான் தடுக்கிறேன்’னார். அவ வலது காலை மும்முரமா தூக்க, ‘வராத’ இடது குதிகால் டாக்டர் கையை மெத்தையோட சேர்த்து நல்லா அமுக்குச்சு. அதை மறைக்கலை அவர். அவளுக்கும் சித்திக்கும் திரும்பத் திரும்ப செஞ்சு காட்டி, ‘பாருங்க, நரம்பும் தசையும் நல்லா இருக்கு. இவ நடிக்கலை. மூளை கட்டளை அனுப்புற வழியிலதான் கோளாறு. இதுக்கு வைத்தியம் இருக்கு’ன்னார். சித்தி அங்கேயே அழுதுட்டாங்க. ‘வைத்தியம் இருக்கு’ங்கிறதுக்கு இல்லையாம். ‘நடிக்கலை’ங்கிறதுக்கு!

அந்தப் பரிசோதனை ஒண்ணும் புதுசு இல்லை. சார்லஸ் ஹூவர்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1908-லயே எழுதி வெச்சது. படுத்துட்டு ஒரு காலைத் தூக்கினா, இன்னொரு கால் தானா கீழே அழுத்தும். நீங்களும் இன்னிக்கு நைட்டு கட்டில்ல செஞ்சு பாருங்க. பக்கவாதத்துல அந்தத் தானியங்கி வேலையும் சேர்ந்தே போயிடும். இவளை மாதிரி ஆட்களுக்கு, வேணும்னு முயற்சி பண்ணினாதான் வராது, கவனம் வேற பக்கம் போனா வந்துடும். டாக்டர்கள் இதை ‘ஃபங்ஷனல்’ அறிகுறிங்கிறாங்க. நம்ம இன்ஜினீயரிங் பாஷையில மோட்டார் ஓகே, ஒயரிங் ஓகே, கன்ட்ரோல் சிக்னல்ல பிரச்னை. ஆனா கம்ப்யூட்டர் மாதிரி ரீஸ்டார்ட் பண்ற பட்டன் மட்டும் கிடையாது.

முன்னாடி இதுக்கு ‘ஹிஸ்டீரியா’ன்னு பேரு. கர்ப்பப்பைக்கான கிரேக்கச் சொல்லுல இருந்து வந்த வார்த்தை. அதாவது, பேர்லயே ‘இது பொம்பளைங்க சமாசாரம்’னு முத்திரை குத்திட்டாங்க. 19-ம் நூற்றாண்டுலயே பாரீஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில ஷார்க்கோ, ஆம்பளைங்களுக்கும் இது வருதுன்னு காட்டினார். முத்திரை என்னவோ போகலை. மனசுல ஏதாவது அதிர்ச்சி இருந்தாத்தான் இந்த நோய்னு சொல்லணும்ங்கிற விதியை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேடு 2013-லதான் எடுத்துச்சு. ‘டெஸ்ட்ல ஒண்ணும் இல்லை, அதனால இதுதான்’னு கழிச்சுக் கழிச்சு முடிவு பண்ணாம, ஹூவர் சோதனை மாதிரி நேரடி அடையாளத்தை வெச்சுக் கண்டுபிடிக்கணும்கிறதுதான் இன்னிக்கு நிலைமை.

சரி, வைத்தியம்? தங்கச்சிக்குக் கிடைச்ச பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே, ‘பின்னாடி நடந்து காட்டு பாப்பா’ன்னாராம். முன்னாடி நாலு அடி வைக்க முடியாதவ, பின்பக்கமா சர்ருனு நடந்துட்டா! பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டே நடக்கிறது, பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறது, கண்ணாடி முன்னாடி நடக்கிறதுன்னு வாரம் ரெண்டு நாள். காலை மறந்தா கால் வருது, காலையே பார்த்தா நின்னுடுது. மனசுக்கு ஒரு கவுன்சலர். இப்போ காலேஜ் போறா. முழுசா சரியாகலை, பரீட்சை நேரத்துல கொஞ்சம் இழுக்குது. எல்லாருக்கும் இந்த அளவுக்குத் தேறும்னு சொல்ல முடியாதுன்னும் டாக்டர் சொல்லிட்டார்.

இப்போ நம்ம சீனியர்கிட்ட வாங்க. அவருக்கு இருக்கிறது கிரானிக் ஃபேட்டிக் சிண்ட்ரோம், சுருக்கமா சி.எஃப்.எஸ். வெளியே பார்க்க ரெண்டு பேரும் ஒரே ரகம்தான். இளவயசு, நார்மல் ரிப்போர்ட், ‘சோம்பேறி’ பட்டம். வைத்தியத்துலதான் வித்தியாசமே. தங்கச்சிக்கு நடக்க நடக்க நல்லது. இவருக்கு அளவு தாண்டினா விஷம்! உழைச்ச அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு அப்படியே சரிச்சுடும். அந்தச் சரிவுதான் இந்த நோயோட முக்கிய அடையாளம். கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சியைக் கூட்டினா சரியாகும்னு ரொம்ப காலம் நம்பினாங்க. 2021 அக்டோபர்ல இங்கிலாந்தோட ‘நைஸ்’ அமைப்பு, அந்த மாதிரி படிப்படியா ஏத்துற பயிற்சியை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு வழிகாட்டி வெளியிட்டுச்சு. அதுக்குப் பதிலா இருக்கிற சக்தியைப் பங்கு போட்டுச் செலவு பண்ணணும். செத்துப்போன பழைய செல்போன் பேட்டரி மாதிரி... 100 காட்டும், ஒரு கால் பேசினா 20-க்கு வந்துடும். அதனால 40 இருக்கும்போதே கட் பண்ணிடணும். சீனியர் இப்போ ஒரு கிளாஸ், அரை மணி நேரம் படுக்கை, அடுத்த கிளாஸ்னு ஓட்டுறார். நல்லா இருக்கிற நாள்ல ஓவரா ஆட்டம் போடாம இருக்கிறதுதான் ரொம்ப கஷ்டமாம்!

‘நடக்கணும்’ங்கிற அதே அட்வைஸ் ஒருத்தரை எழுப்பி விடுது, இன்னொருத்தரை மாசக்கணக்குல படுக்க வைக்குது. யாருக்கு எதுன்னு பிரிச்சுச் சொல்லத்தான் இதுல பழகின ஆள் வேணும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதின்னு நினைச்சுடாதீங்க. கோவாவுல 18 முதல் 50 வயசு வரைக்கும் சுமார் 2,500 பெண்களைக் கேட்டு 2005-ல பி.எம்.ஜே. மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. 12 சதவிகிதம் பேர் நீண்ட நாள் களைப்புன்னாங்க. ரத்த சோகைதான் காரணம்னு பார்த்தா, ஹீமோகுளோபின் அளவுக்கும் களைப்புக்கும் தொடர்பே காணோம். வறுமைக்கும், வீட்டுக்காரரோட கொடுமைக்கும், மன வேதனைக்கும் இருந்தது. (அதுக்காக டெஸ்ட் எடுக்காம இருந்துடாதீங்க! ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை, டி.பி. எல்லாம் முதல்ல பார்த்தே ஆகணும்.) 2006-ல சிக்குன்குனியா வந்தப்போ காய்ச்சல் போயும் மாசக்கணக்குல முட்டியைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததை உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வாங்க. காய்ச்சல் விட்டுட்டுப் போற மிச்சம் நம்ம ஊருக்கும் பழக்கமானதுதான்.

இங்கிலாந்துல பாத் நகரத்துல களைப்பு நோய் வந்த சின்னப் பசங்களுக்குன்னே தனிப் பிரிவு பல வருஷமா இருக்கு. நம்ம நாட்டுல பெங்களூரு நிமான்ஸ்ல நரம்பியல், மனநலம், மறுவாழ்வு மூணும் ஒரே வளாகம். மறுவாழ்வு மருத்துவத்துல நம்ம மாநிலம் ஒண்ணும் சளைச்சது இல்லை. 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேர்ல உட்கார்ந்தே ஆபரேஷன் செஞ்சு, வேலூர் சி.எம்.சி.யில 1966-ல மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமா இருந்தாங்க.

நம்ம மாவட்டங்கள்ல? துண்டு துண்டா இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்தை 1996-ல நாட்டுலயே நாலு மாவட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க, அதுல ஒண்ணு திருச்சி. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1995-லதான் பெரம்பலூர் திருச்சியை விட்டுத் தனி மாவட்டமா பிரிஞ்சிருந்தது. நம்ம நேரத்தைப் பாருங்க! அரியலூருக்கு 2022 ஜனவரியில அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர்றாங்க. டாக்டர், பிசியோ, உளவியலாளர் மூணு பேரும் ஒரே இடத்துல உட்கார்ற ஏற்பாடும் சர்க்காருக்குத் தெரியாதது இல்லை. குழந்தைகளுக்கான ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல 2013-லயே அப்படி மையங்கள் கொண்டு வந்தாங்க. ஆனா 18 வயசு வரைக்கும்தான். நாம காலேஜ்ல காலடி வைக்கிற நேரத்துல கரெக்டா கதவைச் சாத்திடுறாங்க!

அதனால தங்கச்சிக்கு வாரம் ரெண்டு தடவை திருச்சி. பஸ்ல போக வர ஒரு நாள் காலி, சித்தியோட கூலியும் காலி. சீனியர் நிலைமை இன்னும் மோசம். பெரம்பலூர் டவுனுக்கு ரயிலே கிடையாது. கூட்டத்துல நின்னுக்கிட்டு 60 கிலோமீட்டர் போய் டாக்டரைப் பார்த்தா, அந்தப் பயணத்துக்கே ரெண்டு நாள் சரிவு. களைப்புக்கு வைத்தியம் பார்க்கப் போய் களைப்பு வாங்கிட்டு வர்றார். அவர் கேட்கிறதெல்லாம் மாசத்துல ஒரு நாள், மாவட்ட ஆஸ்பத்திரியில இந்த மூணு பேரும் ஒண்ணா உட்கார்ற ஒரு ஓ.பி. தான். பெரிய பில்டிங் எல்லாம் வேணாம்.

உங்க ரூம்ல இப்படி யாராவது இருந்தா ரெண்டு விஷயம். மத்திய அரசோட டெலி மானஸ் 14416, 2022-ல இருந்து 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம். ‘பைத்தியத்துக்கான நம்பர்’னு யாராவது சிரிச்சா கண்டுக்காதீங்க. அடுத்தது அட்டெண்டன்ஸ். அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்னா 75 சதவிகிதம் வேணும். மருத்துவக் காரணம் இருந்தா 65 வரைக்கும் இறங்கி வருவாங்க, சர்டிஃபிகேட் வேணும். ஆனா டாக்டர் ‘ஃபீவர்’னு மூணு நாளைக்கு எழுதிக் கொடுத்தா எப்படிப் பத்தும்?

சீனியர் இந்த செமஸ்டர்ல 67. உண்மையான நோய்ப் பேரையே முழுசா எழுதி வாங்கிட்டு வந்து ஹெச்.ஓ.டி. டேபிள்ல வெச்சார். அவர் ரெண்டு தடவை படிச்சுட்டு, ‘இதை எப்படிப்பா வாசிக்கிறது?’ன்னு கேட்டாராம். சீனியர் வாசிச்சுக் காட்டினார். உட்காரச் சொல்லி கால் மணி நேரம் விசாரிச்சுட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.