எத்தனை முறை கழுவினால் தூய்மை?

காவேரிப்பட்டினத்தில், தென்பெண்ணையாற்றுக்கு அருகிலுள்ள ஒரு தெருவில், அந்த வீட்டின் வெள்ளிக்கிழமை விளக்கு மாலை ஆறு மணிக்கு ஏற்றப்படுவது வழக்கம். சில ஆண்டுகளில் அது ஏழாயிற்று, பிறகு எட்டரை. கடைசியில், அக்கம்பக்கத்தார் உறங்கச் செல்லும் வேளையில்தான் அந்த வீட்டுப் பூஜையறையில் சுடர் தெரியத் தொடங்கியது. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கி, விபூதியிட்டுத் தேய்த்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு, அது சரியாகக் கழுவப்படவில்லையோ என்ற ஐயத்தால் அந்த வீட்டு அம்மாள் மீண்டும் அதைக் கையில் எடுப்பார். குழாயைத் திருகிய கை தீட்டாயிற்றோ என்று கையைக் கழுவுவார். கையைக் கழுவிய நீர் விளக்கின்மேல் தெறித்ததோ என்று விளக்கைக் கழுவுவார்.

ஊரார் அதனைப் பக்தி என்றனர். 'இந்தக் காலத்தில் இப்படி ஆசாரம் பார்ப்பவர் யார்?' என்று உறவினர் வியந்தனர். அந்தப் புகழ்ச்சியே பல ஆண்டுகள் நோயை மறைத்துவிட்டது. மாங்காய் மண்டி நடத்திய கணவருக்கு மட்டும் ஏதோ கணக்கு இடிப்பதாகத் தோன்றியது. விளக்கேற்றிய பின்னும் மனைவியின் முகத்தில் நிறைவு இல்லை. விரலிடுக்குகளில் தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குச் சென்று திரும்பும் மகனும் மருமகளும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கொல்லைப்புறமாக வந்து குளித்த பிறகே வீட்டுக்குள் அடியெடுத்து வைக்க வேண்டும். ஐந்து வயதுப் பேரன் ஓடிவந்து, "பாட்டி, தூக்கு" என்று கை நீட்டியபோது அவர் இரண்டடி பின்வாங்கினார். அன்றிரவு அவரே கணவரிடம், "ஏங்க, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. வேண்டாம்னு நெனச்சாலும் விட முடியலைங்க" என்று சொல்லி அழுதார்.

அந்தச் சொற்களில்தான் நோயின் இலக்கணம் இருக்கிறது. வேண்டாம் என்று அறிவு சொல்கிறது. செய் என்று அச்சம் விரட்டுகிறது. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக ஓ.சி.டி. என்பர். விரும்பாத எண்ணம் ஒன்று மீண்டும் மீண்டும் மனத்தில் நுழைவதும், அதனால் எழும் பதற்றத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் அதன் இரு பகுதிகள். நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் இதற்கு ஆளாகக்கூடும். சிலருக்குப் பூட்டு, சிலருக்கு அடுப்பு, சிலருக்கு எண்ணிக்கை. பக்தர்கள் சிலருக்குச் சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது தெய்வத்தைக் குறித்தே தகாத எண்ணம் தோன்றும். பெரும் பாவம் செய்துவிட்டோமென்று அஞ்சி யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் வெந்துபோவார்கள். அதுவும் இந்த நோயின் ஒரு முகமே. அவர்களுடைய பக்தியின் குறை அன்று.

எல்லாச் சமயத்தாருக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஏசு சபையைத் தோற்றுவித்த இக்னேஷியஸ் லொயோலா 1522-ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் தவம் இருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டு அமைதியின்றித் தவித்தார். முஸ்லிம்கள் இத்தகைய ஐயத்தை 'வஸ்வாஸ்' என்பர். வியன்னாவின் சிக்மண்ட் பிராய்டு 1907-இல் இத்தகைய நோய்ச் செயல்களையும் சமயச் சடங்குகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். கடவுள் நம்பிக்கையற்ற அந்த மனிதர் சடங்கைச் சற்று மட்டமாகவே எடைபோட்டார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ் அவருடன் நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பிராய்டின் 75-ஆம் பிறந்தநாளையொட்டி 1931-இல் அச்சங்கம் அனுப்பிய பரிசு, தந்தத்தில் செதுக்கிய திருமால் சிலை. அதை அவர் தம் எழுதுமேசையின் மீதே வைத்துக்கொண்டார். பெருமாள் அங்கே எழுந்தருளியது யார் செய்த புண்ணியமோ!

கணவர் முதலில் நாடியது கோயில்களைத்தான். அதில் பிழையொன்றும் இல்லை. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் மனம் நலிந்தோர் 48 நாட்கள் தங்கி வழிபடுவதும், பூஜைத் தீர்த்தம் அவர்கள் முகத்தில் தெளிக்கப்படுவதும் நம் மக்கள் அறிந்தவை. வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரின் முத்துசுவாமி கோயிலுக்கு 2000-ஆம் ஆண்டில் வந்து தங்கிய 31 நோயாளிகளைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர் ரகுராம் குழுவினர் ஆராய்ந்தனர். தனிப்பட்ட சிகிச்சைச் சடங்கு எதுவும் அங்கு நடைபெறவில்லை. உறவினர் ஒருவரோடு தங்குவது, காலைப் பூஜையில் கலந்துகொள்வது, கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது அவ்வளவே. ஏறக்குறைய ஆறு வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்த அறிக்கை 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகையொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டனர். வழிபாட்டுத் தலத்தின் அருகாமையும், கட்டிவைப்பதும் ஒன்றல்ல.

ஆனால் இந்த அம்மாளின் நோயோ கோயிலுக்குள்ளும் அவரோடு வந்தது. தீர்த்தம் வாங்கிய கை எச்சிலாயிற்றே என்ற கவலையில் பிராகாரக் குழாயடியில் முக்கால் மணி நேரம் நின்றார்.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் செல்லும் இப்பகுதி மக்களுக்கு நிம்ஹான்ஸ் புதிய இடமன்று. அது இருப்பதே ஓசூர் சாலையில்தான். பழைய அரசு மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-இல் இணைந்து உருவான நிறுவனம் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும் அதன் புறநோயாளர் பகுதியில் காவேரிப்பட்டினத்துத் தமிழ் தனித்துத் தெரியாது. யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் மட்டும் கணவருக்கு அன்று முழுவதும் இருந்தது. மகளின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

உளச்சிகிச்சை என்றால் எதிரில் அமர்ந்து ஆறுதல் சொல்வது என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். அப்படியும் ஒரு முறை உண்டு. துயரத்தில் இருப்பவருக்கு அதுவே பெருந்துணை. பிராய்டின் வழியில் இளமைக்கால நினைவுகளை ஆண்டுக்கணக்கில் துருவிப் பார்ப்பது மற்றொன்று. அமெரிக்காவின் ஆரன் பெக் 1960-களில் வகுத்த முறை, மனச்சோர்வுற்றவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள முடிவுகளைச் சான்று கேட்டுச் சோதிக்கிறது. குடும்பத்தையே கூட்டிவைத்துப் பேசுவதும் உண்டு. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே மருந்து இல்லை என்பதை ஏற்கும் நாம், மனத்துக்கு மட்டும் 'கவுன்சலிங்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம்.

கழுவும் நோய்க்கு ஆறுதல் மொழி உதவாது. சில வேளைகளில் கெடுதலே செய்யும். "சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று கணவர் ஒவ்வொரு முறை உறுதி கூறும்போதும் பதற்றம் ஐந்து நிமிடம் அடங்கி, அடுத்த கேள்வி பிறக்கும். இலண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் இருவரிடம் மேற்கொண்ட முயற்சியே இதற்கு வழி திறந்தது. அஞ்சும் பொருளை நோயாளி தொட வேண்டும். தொட்ட பின் கழுவக் கூடாது. பதற்றம் உச்சிக்கு ஏறும். ஏறியது, எதுவும் செய்யாமலேயே மெல்ல இறங்கும். கழுவியதால்தான் அச்சம் போயிற்று என்று நம்பிவந்த மனம், கழுவாமலும் அது போகும் என்பதைத் தன் அனுபவத்தால் கற்கிறது. உடன் மருந்தும் தரப்பட்டது. அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம் என்று மருத்துவர் முன்னதாகவே சொல்லிவிட்டார்.

உளவியலாளரான பெண்மணி அச்சங்களுக்கெல்லாம் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னார். வாசற்கதவின் கைப்பிடி 30. பேரனின் பள்ளிப்பை 45. கைகழுவாமல் குங்குமச் சிமிழைத் தொடுவது 95. கைப்பிடியிலிருந்துதான் தொடக்கம். சிமிழின் பேச்சு வந்ததும் அம்மாள் எழுந்துவிட்டார். "மத்ததெல்லாம் செய்யறேன். சாமி விஷயத்துல மட்டும் என்னைப் பாவம் பண்ணச் சொல்லாதீங்கம்மா" என்றார்.

உளவியலாளர் வாதாடவில்லை. "நீங்க மதிக்கிற பெரியவர் யாராவது இருக்காங்களாம்மா? ஒரே ஒரு முறை அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க. ஆனா ஒரே முறைதான்" என்றார். ஒரே முறை என்ற கட்டுப்பாட்டுக்கும் காரணம் உண்டு. பத்துப் பேரிடம் பத்து முறை கேட்பதும் கழுவுவதைப் போன்ற செயலே.

அவர்கள் சென்றது ஊரிலேயே இருந்த முதிய குருக்களிடம். கண் பார்வை மங்கி, ஓய்ந்திருந்த அவர் நெடுநேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆசமனத்துக்கு மூணு தடவைதாம்மா ஜலம். ஜபத்துக்கு நூத்தெட்டுன்னா நூத்தெட்டு. சங்கல்பம்னு தொடங்கினா பூர்த்தின்னு ஒண்ணு உண்டு. அளவு இல்லாத சடங்கை நான் எங்கேயும் படிச்சதில்லை. பூஜை முடிஞ்சதும் மந்திரத்திலே குறை, செய்கையிலே குறை, எல்லாத்தையும் பொறுத்துக்கோன்னு நாங்களே கேட்டுக்கறோமே, எதுக்கு? குறை இருக்கும்னு தெரிஞ்சுதானே? உனக்கு மட்டும் குறையே வரக்கூடாதுன்னா எப்படி?"

நோயை எப்படிக் குணமாக்குவது என்பதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தனிமையில் முடிவின்றிச் சுழலும் செயலையும், ஊரோடு கூடித் தொடங்கி முடியும் வழிபாட்டையும் அவர் பிரித்துக் காட்டினார். அது போதுமானதாக இருந்தது. பணப்பெட்டியை மூடுமுன் இருமுறை எண்ணுவது விதி. முப்பது முறை எண்ணுகிறவருக்கு விதியின்மேல் இருப்பது மரியாதை அன்று.

அடுத்த மாதங்கள் எளிதாக இல்லை. சிமிழைத் தொட்ட முதல் நாளில் அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே கால் மணி நேரம் நடுங்கியபடி அமர்ந்திருந்தார். வீட்டாருக்கும் பாடம் இருந்தது. குடம் குடமாக நீர் சுமந்து தருவதைக் கணவர் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ஆனால் கடிந்துகொள்ளக் கூடாது. மருமகள் கொல்லைப்புறம் சுற்றாமல் தலைவாசல் வழியே நுழைந்த அன்று மாமியார் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். இரண்டு முறை சிகிச்சையை விட்டுவிடுவது என்றே முடிவாயிற்று. பயணம் இயலாதபோது, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேச முடிந்தது ஓரளவு கைகொடுத்தது.

முற்றிலும் குணமாகிவிட்டது என்று இன்றும் சொல்ல இயலாது. தீர்த்தச் சொம்பை அவர் இரண்டு முறை கழுவுகிறார். விளக்கு ஆறேகாலுக்கு எரிகிறது.

மகா சிவராத்திரியை அடுத்து காவேரிப்பட்டினத்தில் அங்காளம்மனின் மயானக்கொள்ளை விழா. பல ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தை அவர் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. இந்த ஆண்டு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்றார். யாரோ இடித்துச் சென்றனர். சாம்பல் புடவையில் படிந்தது. மயானத்துக்குச் சென்று திரும்பிய ஊரார் அனைவரும் குளித்தனர். அவரும் குளித்தார், ஒரே முறை. பழக்க தோஷத்தால் கணவர் நிரப்பி வைத்திருந்த இரண்டாவது குடத்துத் தண்ணீர் காலையில் செவ்வரளிச் செடிக்குப் போயிற்று.